நடக்காததற்கு ஒரு சான்று

அக்கா,

நம் அறக்கட்டளைக் கோப்பைத் திறந்தேன். நெத்திலிக் கருவாட்டு வாசனை. கொட்டகையில், கருவாட்டுப் பானைக்கு மேலிருந்த பலகையில்தான் அதை வைத்திருந்தீர்கள். "வருமான வரிக்காரங்க மோந்து பாக்கட்டும், நாம என்ன பண்றோம்னு தெரியும்" என்பீர்கள்.

நேற்று வந்த உத்தரவை அதில்தான் சேர்த்தேன். இரண்டு பக்கம். 80ஜி கிடைத்துவிட்டது. நம் அறக்கட்டளைக்குக் கொடுப்பவர்கள் இனி அதற்கு வரிக்கழிவு கேட்கலாம். படித்து முடித்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். வெகுநேரம் எழவில்லை. பயத்தில் அல்ல. மாதக்கணக்கில் இறுகியிருந்த தோள் இறங்கிக்கொண்டிருந்தது.

கருக்களாச்சேரியில் படகு ஒதுங்கும் இடத்திலிருந்து சாராயக்கடைக்கு ஒரே பாதை. அந்தப் பாதையின் நடுவில் உங்கள் கொட்டகை. மீன் விற்றுப் பங்கு பிரித்த கையோடு, வெறும் வயிற்றோடு வருகிறவர்களை நீங்கள் தடுத்ததில்லை. அறிவுரை சொன்னதில்லை. தட்டை நீட்டுவீர்கள்.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே. கடை எங்கயும் ஓடிப்போவாது."

சாப்பிடுவார்கள். பாதிப் பேருக்குக் கண் சொக்கும். வீட்டுப் பக்கம் நடப்பார்கள். மீதிப் பேர் கடைக்குப் போவார்கள். நாளைக்கும் அவர்களுக்குத் தட்டு உண்டு. இவ்வளவுதான் உங்கள் முறை. பல்கலைக்கழகத்தில் குடிப்பழக்கத் தடுப்பைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்திருக்கிறேன். அதில் சோறு வரவில்லை.

நெடுங்காட்டிலிருந்து விண்ணப்பம் எழுதித் தர வந்தவள் நான். பெயர் சொல்லி ஒருநாளும் நீங்கள் கூப்பிட்டதில்லை. "என்ன காலேஜு, எழுதிட்டியா?"

சென்னையில் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனம் ஆண்டுச் செலவை ஏற்பதாகச் சொல்லியிருந்தது. 80ஜி இருந்தால் மட்டும். கையிலிருந்த அரிசி மீன்பிடித் தடைக்காலம் முடியும்வரை வரும். அதற்குப் பிறகு உலையை அணைக்க வேண்டியதுதான்.

ஆடிட்டர் எளிய வழி ஒன்றைச் சொன்னார். "அன்னதானம்னு போட்டுடுங்கம்மா. ஒரு கேள்வி வராது."

"அன்னதானமா? பசிக்காகவா நான் சோறு போடுறேன்? கால் அந்தப் பக்கம் போவாம இருக்கறதுக்குப் போடுறேன். அதை எழுதுங்க."

எழுதினோம். வரித்துறையிலிருந்து கேள்வி வந்தது. தடுத்ததற்கு என்ன ஆதாரம்? பயனாளிகளின் பட்டியல், படங்கள் வேண்டும்.

நீங்கள் சிரித்தீர்கள். "நடக்காததுக்கு போட்டோ கேக்குறாங்களா?" பிறகு சிரிப்பு நின்றது. "பேரு மட்டும் குடுக்க முடியாது, காலேஜு. நாளைக்கு அவங்க வீட்டுல பொண்ணு கேட்டு வர்றவன் கையில அந்தப் பட்டியல் சிக்குச்சின்னா?"

நான் வாதாடவில்லை. பெயரில்லாமல் பதில் அனுப்பினோம். போதாது என்று வந்தது. மார்கழியில் உங்களுக்கு ஆஸ்பத்திரி. அங்கும் கேட்டீர்கள், "உலை எரியுதா?" தையில் நீங்கள் இல்லை.

இறுதி வாய்ப்பு என்ற கடிதம் அதன் பிறகு வந்தது. பதினைந்து நாள். ஒருநாள் மதியம் அதைக் கொட்டகைக்கு எடுத்துப்போனேன். உங்கள் கரண்டி இப்போது செல்வியிடம் இருக்கிறது. கூடையில் மீன் விற்கிற அதே செல்வி. காலையில் வியாபாரம், பிறகு இங்கே சமையல். படித்துக் காட்டினேன்.

"யாரு பேரு கேக்குறாங்க?"

"சாப்பிட வர்றவங்க பேரு. குடுக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க."

"அக்கா மவராசி. ஆனா இது ஒண்ணு அவங்களுக்குத் தெரியல." கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "எம்புருசன் குடிச்சது ஊருக்கே தெரியும். ரோட்டுல விழுந்து கெடந்தப்ப பாக்காதவன் யாரு? இப்ப ஒழுங்கா வீட்டுக்கு வர்றாருல்ல, அதுதான் ஒருத்தனுக்கும் தெரியல. அதை எழுது."

அவள் கணவர் ஓரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்வி திரும்பினாள். "என்னங்க, பேரப் போடச் சொல்லட்டுமா?"

அவர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "இனிஷியலோட போடச் சொல்லு."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. நான் இனிஷியலைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் செல்வி மற்றப் பெண்களையும் கூட்டிவந்தாள். முதல் நாளே வீட்டில் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். சம்மதிக்காத வீடுகளை விட்டுவிட்டோம். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். கையெழுத்து, சிலருக்குக் கைநாட்டு. குடியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. ஒருத்தி, புருஷன் விற்றுக் குடித்துவிடுவாரோ என்று மகனின் பள்ளிப் பையை இப்போது ஒளித்துவைப்பதில்லை என்றாள். செல்வி சொன்னது இது: "அப்பா செருப்புச் சத்தம் கேட்டா எம்புள்ளைங்க இப்பல்லாம் பாயை விட்டு எந்திரிக்கிறதில்ல. தூங்குதுங்க." அதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்ற முடியவில்லை. தமிழிலேயே விட்டுக் கீழே பொருள் எழுதினேன். பதினைந்து நாள் முடியுமுன் எல்லாவற்றையும் அனுப்பினேன்.

பயனாளி சாப்பிடுகிறவர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அக்கா. நீங்களும் நானும். பாயில் தூங்கும் அந்தப் பிள்ளைகளை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த வீடுகளின் மானத்தைக் காப்பதாக நினைத்து, அவர்கள் பெருமையைப் பூட்டி வைத்திருந்தீர்கள். உங்களிடம் நேரில் இதைச் சொல்லியிருந்தால் முறைத்திருப்பீர்கள். பிறகு, "சரி, தோத்துட்டேன், ஒரு வாய் சாப்பிடு" என்றிருப்பீர்கள்.

தடைக்காலம் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. நிறுவனத்துக்கு உத்தரவின் நகலை அனுப்பினேன். சம்மதம் என்று பதில் வந்தது. உலை அணையாது.

இன்று மதியம் வாசலில் நான் நின்றேன். தடைக்காலத்திலும் சிறிய படகுகள் போய்வருகின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து இறங்கிய ஒருவர் கொட்டகையைப் பார்க்காமல் கடந்துபோனார். கூப்பிட எனக்குக் கூச்சம். உங்கள் குரல் என்னிடம் இல்லை. சொல் மட்டும் இருக்கிறது.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே. கடை எங்கயும் ஓடிப்போவாது."

நாலடி போனார். நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டார். கை கழுவி, வீட்டுப் பக்கம் நடந்தார்.

இதற்குப் பட்டியல் இல்லை, படம் இல்லை. உங்களுக்கு மட்டும் எழுதி வைக்கிறேன்.