பிள்ளையார் முடக்கில் இடது பக்கம்

2025 ஜூன் 2, திங்கள்

காலையில் மழை விட்டிருந்தது. சைக்கிளின் பின்பிரேக் கட்டை தேய்ந்து போய் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறது. இவரிடம் மாற்றித் தரச் சொன்னால் ‘ஞாயிற்றுக்கிழமை’ என்கிறார். எங்கள் வீட்டில் எல்லா வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் கேட்கக்கூடாது. எஹலியகொடவில் யும்னா அக்காவின் தையல் கடையில் இன்று முழுக்கப் பள்ளிக்கூடச் சட்டைகள். காலர் தைத்தே கழுத்து வலிக்கிறது.

எழுத உட்கார்ந்தது இதை இல்லை. இதை எழுதிக்கொண்டிருந்தால் அதை எழுத வேண்டியதில்லை என்று பார்க்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோடு இறங்கி மெயின் ரோட்டில் சேர்கிற திருப்பம்தான் பிள்ளையார் முடக்கு. இடது மூலையில் பிள்ளையார் மாடம். அதற்கு முன்னால் உண்டியல். மேலேயிருந்து வருகிற எந்த லொறியும் பிள்ளையாருக்குக் காசு போடாமல் மெயின் ரோட்டில் ஏறாது. லொறி நிற்கும், கிளீனர் குதித்து இறங்குவார், காசு போட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடிவந்து, நகர ஆரம்பித்த லொறியில் தொற்றிக்கொள்வார். அதற்குள் சைக்கிளில் வருகிற நாங்கள் லொறிக்கும் மாடத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நுழைந்து டவுன் பக்கம் திரும்பிவிடுவோம். எத்தனையோ வருஷமாக இப்படித்தான்.

இன்று நான் சந்தில் பாதி போயிருந்தபோது லொறி அசைந்தது. இடது பக்கம் திரும்பியது. முன் சக்கரம் என்னைத் தாண்டிப் போய்விட்டது, தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் பின் சக்கரம் என் பக்கமே வந்தது. முன்னால் போகிற வண்டி பக்கவாட்டில் எப்படி வரும்? எனக்கு இப்போதும் விளங்கவில்லை. சைக்கிளோடு மாடத்துச் சுவரில் சாய்ந்துவிட்டேன். ஹாண்டிலின் வலது முனையை உரசிக்கொண்டு போனது. டயர் சேறு என் கன்னத்தில்.

டிரைவருக்குத் தெரியவே தெரியாது. ரோட்டில் யாருக்கோ கை ஆட்டிக்கொண்டு போகிறார்.

வீட்டில் இவரிடம் சொல்லவில்லை. இவரும் கொழுந்து லொறி டிரைவர்தான். சொன்னால் முதலில் சைக்கிளைப் பிடுங்குவார். பஸ் விடியற்காலையில் ஒன்று, அதைவிட்டால் பகலில்தான். சைக்கிள் போனால் வேலையும் போகும்.

ஜூன் 4, புதன்

முடக்குக்கு முன்னாலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். லொறி ஒன்று நின்றிருந்தது. அதன் பின்னால் நின்றேன். பிரேக்கிலிருந்து புஸ்ஸென்று காற்று விட்டது, அவ்வளவுதான், சைக்கிளை இழுத்துக்கொண்டு பத்தடி பின்னால் போய்விட்டேன். என்ன உடம்போ இது!

கடையில் என்னோடு தைக்கிற டிலானி என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். தோட்டத்தில் எங்களுக்குக் கீழ் டிவிசன் பிள்ளை. வாய் சும்மா இருக்காது.

“என்னக்கா, சைக்கிளுக்கு நடை பழக்குறீங்களா?”

சிரித்தேன். அவள் சந்தில் புகுந்து போனதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

இன்றும் தள்ளிக்கொண்டுதான்.

ஜூன் 7, சனி

பிடிபட்டுவிட்டேன். இவர் சைக்கிளை நகர்த்தப்போய் ஹாண்டிலில் ஒட்டியிருந்த பச்சைப் பெயின்ற்றைப் பார்த்துவிட்டார். லொறிக்காரனிடம் லொறிப் பெயின்ற்றை மறைக்க முடியுமா?

“எந்த லொறி?”

“தெரியாது.”

“நீ எங்க நின்ன?”

“இடது பக்கம்.”

அதற்குப் பிறகு ஒரே சத்தம். சைக்கிள்காரர்களுக்குக் கண் இல்லையாம், பொறுமை இல்லையாம், எலி மாதிரி சந்துபொந்தில் புகுந்துகொள்வோமாம். நானும் விடவில்லை. “லொறிக்காரங்களுக்கு மட்டும் ரோட்ட எழுதி வச்சிருக்கா? சக்கரம் ஏறியிருந்தா அப்பவும் என்னையத்தான் ஏசுவீங்களா?” என்று கேட்டேன்.

சட்டென்று அடங்கிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழும்பிப் போய் ஹாண்டிலை இன்னொருதரம் தடவிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பிரேக் கட்டை மாற்றுவார் என்று பார்த்தால், என்னையும் சைக்கிளையும் கொழுந்து மடுவத்துக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். லொறி அங்கேதான் நிற்கும். கொழுந்து நிறுக்கிற நாள் இல்லாததால் ஆளில்லை. இவருடைய கிளீனர் மூக்கையா அண்ணன் மட்டும் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை டிரைவர் சீற்றில் ஏற்றி உட்கார வைத்தார் இவர். இத்தனை வருஷத்தில் முதல்தடவை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் நம் லயத்து வீட்டு வரிசையே சின்னதாகத் தெரிகிறது.

இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு லொறியின் இடது பக்கம் போனார்.

“கண்ணாடியப் பாரு. நான் தெரியிறேனா?”

“இல்ல.”

“இப்ப?”

“எங்க நிக்கிறீங்க?”

“கதவுக்குக் கீழதான் நிக்கிறேன்!”

சைக்கிள் மணியை அடித்தார். மணி கேட்கிறது, ஆள் இல்லை. எழும்பி எட்டிப் பார்த்தேன், கழுத்தை வளைத்தேன், இல்லை. என் புருஷன் அங்கே நிற்கிறார், இல்லவே இல்லை. போன திங்கட்கிழமை நானும் இப்படித்தான் இல்லாமல் இருந்தேன்.

பிறகு என்னை இறக்கிவிட்டு, மூக்கையா அண்ணனிடம் லொறியை மெதுவாக வளைக்கச் சொல்லி, பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வருவதைக் காட்டினார். நீள வண்டி எல்லாமே அப்படித்தானாம். முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகாதாம்.

“அப்ப இடது பக்கத்த யாருங்க பாக்குறது?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தானே அண்ணன் இருக்காரு. அந்தப் பக்கம் அவரு கண்ணுதான் எனக்குக் கண்ணு.”

“சரி. முடக்குல அவரு காசு போட எறங்கிட்டா?”

இவர் என்னைப் பார்த்தார். மூக்கையா அண்ணனைப் பார்த்தார். இவர் சைக்கிள் மணியைக் காரணமில்லாமல் ஒருதரம் அடித்தார்.

ஜூன் 9, திங்கள்

இன்னொன்றும் நினைவு வந்தது. மாடத்துக்கு நேரே வந்ததும் என் வலது கை தானாக ஹாண்டிலை விட்டு நெஞ்சுக்குப் போகும். கண் பிள்ளையார் பக்கம் போகும். சைக்கிளில் வருகிற எல்லோரும் அப்படித்தான் செய்வோம். அன்றும் செய்தேன். டிரைவர் பார்க்கவில்லை. கிளீனர் மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் லொறியைப் பார்க்கவில்லை. பிள்ளையார் ஒருவர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

மாடத்தைப் பார்த்துக்கொள்பவர் சண்முகநாதன் முதலாளி. முடக்கைத் தாண்டி மெயின் ரோட்டு நேர் ஓரத்தில் அவருடைய இரும்புக் கடை இருக்கிறது. இன்று பௌத்தப் பண்டிகை என்று கடைக்கு முன்னால் தன்சல் பந்தல் போட்டிருந்தார். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் தன் கையாலேயே சர்பத் ஊற்றிக்கொடுத்தார். நல்ல மனநிலையில் இருக்கிறார், இதுதான் நேரம் என்று இவரும் நானும் போய்ச் சொன்னோம். உண்டியலை மட்டும் முடக்கிலிருந்து எடுத்து இந்த நேர் ஓரத்தில் வைத்தால், லொறிகள் முடக்கில் திரும்பிய பிறகுதான் நிற்கும். கிளீனர் இறங்காமலே திரும்பலாம்.

முகம் மாறிவிட்டது.

“எங்கப்பா வச்ச உண்டியல் புள்ள. எடத்த மாத்தி தெய்வக் குத்தம் வந்தா யாரு தலையில விடியும்? பயமா இருந்தா எறங்கித் தள்ளிட்டுப் போங்க.”

தள்ளிக்கொண்டுதானே போகிறேன். சர்பத்தைக் குடித்துவிட்டு வந்தோம்.

ஜூன் 12, வியாழன்

இவர் இன்று முடக்கில் நிறுத்தாமல் போகப் பார்த்தாராம். மூக்கையா அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, “அப்ப நான் நடந்தே வாறேன் தம்பி” என்றாராம். சமாதானம் சொல்லி ஏற்றிக்கொண்டு போனால், புளத்கொகுபிட்டிய ரோட்டில் டயர் பஞ்சர். சும்மா இருப்பாரா அண்ணன்? சாயங்காலம் வாசலில் நின்று, பிள்ளையார் கோபம்தான் பஞ்சர் என்று எனக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நாளையிலிருந்து பழையபடி நிற்கும். மூக்கையா அண்ணனுக்குப் பிள்ளையாரிடம் பயம், இவருக்கு மூக்கையா அண்ணனிடம் பயம், எனக்குச் சக்கரத்திடம் பயம். இதில் என் பயம்தான் யார் கண்ணுக்கும் சின்னதாகத் தெரிகிறது.

டிலானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மடுவத்தில் பார்த்ததையும் சொன்னேன். “அக்கா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க” என்றாள்.

ஜூன் 18, புதன்

டிலானி.

தூறல். நான் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன். லொறி நின்றது, கிளீனர் இறங்கினார். அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சந்துக்குள்ளே போனாள். கத்தினேன் — ‘போகாத புள்ள, போகாத’ன்னு கத்தினேன், கேட்டுச்சோ இல்லையோ. லொறி திரும்பிருச்சு. அவ கை நெஞ்சுல இருந்துச்சு. நான் பார்த்தேன், கை நெஞ்சுலதான் இருந்துச்சு.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. சைக்கிள் நசுங்குகிற சத்தம் மட்டும்.

பச்சை லொறி. பக்கமெல்லாம் கம்பி வலை. இவருடையதும் அப்படித்தான். எல்லாக் கொழுந்து லொறியும் அப்படித்தானே இருக்கும்? நம்பரைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மாடத்துப் பக்கமிருந்து கிளீனர் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். நெற்றியில் புதுத் திருநீறு. மூக்கையா அண்ணன் இல்லை. வேறு ஆள்.

இவர் இல்லை என்று தெரிந்ததும் எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது. டிலானி கீழே கிடக்கிறாள், எனக்கு நிம்மதி. என்ன மனுசி நான்!

ஜூன் 20, வெள்ளி

இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கால், முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்திருக்கிறார்கள். மெசின் மிதிக்கிற கால். யும்னா அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே அழுதார். டிலானி அழவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பகிடிகூட விடவில்லை, அதுதான் தாங்கவில்லை.

லொறி ஓட்டியது மேல் டிவிசன் விதுர்ஷன். பொலிஸில் பிடித்து வைத்திருக்கிறார்கள். “நல்ல டிரைவர் சுகந்தி, என்னையவிட நிதானம்” என்றார் இவர். பிறகு மெதுவாக, “அன்னைக்கு நாந்தான் முதல்ல போக வேண்டியது. நிறுக்க நேரமாயிருச்சு, அவன முன்னால விட்டேன்” என்றார்.

சமைத்த சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று ஒரு விஷயம் நடந்ததாம், இவர் சொன்னார். முடக்கில் இவர் வழக்கம்போல நிறுத்தியிருக்கிறார். மூக்கையா அண்ணன் இறங்கவில்லை. தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, “எடது பக்கம் சரி, எடு தம்பி” என்றாராம். திரும்பி நேர் ரோட்டுக்கு வந்ததும் முதலாளி கடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி இறங்கினாராம். கடைப் படியில் காசை வைத்து, முடக்குப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டாராம்.

“என்னண்ணே இது?” என்று இவர் கேட்டதற்கு, “அந்தப் புள்ளய ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்துட்டு வந்தேன்” என்று மட்டும் சொன்னாராம்.

ஜூன் 28, சனி

இப்போது எல்லாக் கிளீனர்களும் படியில்தான் வைக்கிறார்கள். ஒருவர் சூடமும் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறார். முதலாளி கடை வாசலில் நின்று கத்துகிறார், பாவமாக இருக்கிறது. சாமி காசு. அதைத் தாண்டவும் பயம், கூட்டித் தள்ளவும் பயம், கையில் எடுத்தால் கடைக்காசோடு கலந்துவிடுமோ என்று அதைவிடப் பயம். பின்கதவால்தான் போய்வருகிறாராம்.

அவருக்கும் கொஞ்சம் பயம் இருக்கட்டும்.

ஜூலை 2, புதன்

ஐயரைக் கூப்பிட்டுப் பூசை வைத்து உண்டியலைத் தன் கடை ஓரத்துக்கே கொண்டுவந்துவிட்டார் முதலாளி. பிள்ளையார் முடக்கிலேயே இருக்கிறார். என்னைக் கண்டதும், “இப்ப சந்தோசந்தானே?” என்றார். சந்தோசமா? டிலானிக்குப் பிறகு வந்த சந்தோசம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 9, புதன்

தள்ளிக்கொண்டுதான் போகிறேன். உண்டியல் போய்விட்டது, புஸ்ஸென்ற சத்தம் கேட்டால் பின்னால் போகிற பழக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிரேக் கட்டை நேற்று மாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியில் வந்துவிட்டது.

காலையில் முடக்கில் இவருடைய லொறி நின்றது. பின்னால் நின்றேன். மூக்கையா அண்ணன் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். ‘நீ போ’ என்று கை காட்டினார். நான் ‘நீங்க போங்க’ என்று காட்டினேன். அவர் மறுபடி காட்டினார். நான் அசையவில்லை. கடைசியில் லொறி போனது. நான் அன்று சாய்ந்து நின்ற சுவரோரத்தைப் பின் சக்கரம் வெட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அது போன பிறகு ஏறி மிதித்தேன். இரண்டு கையும் ஹாண்டிலில்தான் இருந்தன. பிள்ளையாரைக் கும்பிடாமலே கடந்தேன். கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்றுதான் டிலானி வேலைக்கு வந்தாள். அவளுடைய அண்ணன் த்ரீவீலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இடது காலால் மெசினை மிதித்துப் பார்த்தாள். தையல் கோணியது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

“அக்கா, இன்னைக்கு எப்பிடி வந்தீங்க?”

“சைக்கிள்லதான்.”

“முடக்குல?”

“ஏறித்தான் வந்தேன்” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் மெசினை நிறுத்தினாள்.

“தள்ளிட்டே வந்திருக்கலாமே அக்கா.”

சாயங்காலம் திரும்பும்போது முடக்கில் இறங்கித் தள்ளினேன். லொறி ஒன்றும் இல்லை. ரோடு காலியாகத்தான் இருந்தது. அவளுக்காகத் தள்ளினேன்.