விழுப்புரத்தில் மாறணும்

ஆகஸ்ட் 12, திங்கள்

டிக்கெட் எடுத்தாயிற்று. கொழுந்தன் சோலைராஜ் போனிலேயே போட்டுக் கொடுத்தான். கோவில்பட்டியிலிருந்து விழுப்புரம் வரை படுக்கை. அங்கே இறங்கி பாண்டிச்சேரிக்கு வேறு வண்டி.

"அது சின்ன வண்டி மைனி. ரிசர்வேஷன்லாம் கிடையாது. ஏறி உக்கார வேண்டியதுதான்."

எந்த பிளாட்பாரத்தில் ஏற? முதல் வண்டி பிந்தினால் இரண்டாவது வண்டிக்குத் தெரியுமா? கேட்டால் சிரிக்கிறான். பி.எஸ்ஸி. முடித்தவள் இதுவரை ரயில் ஏறியதில்லை என்பது அவனுக்கு வேடிக்கை. எங்கே ஏற? பிறந்தது புதூர், படித்தது கோவில்பட்டி. எல்லாம் பஸ்தான்.

மகள் தன்விகா தூங்குகிறாள். அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

அவர் போன் செய்தார். ஒடிசாவில் லாரி லோடு இறக்கக் காத்துக் கிடக்கிறதாம். இருபத்திரண்டாம் தேதிக்குள் வந்து சேர முடியாது.

"பாண்டி ஆஸ்பத்திரில தேதிய மாத்திக் கேளேன். நானும் வந்திருவேன்லா."

மாற்றினால் அடுத்தது தை மாதம்தான் என்றேன். பிறகு வண்டியைப் பற்றிக் கேட்டேன்.

"ரெண்டாவது வண்டி நமக்காக நிக்குமா?"

"அது என்ன எட்டயபுரம் பஸ்ஸாட்டி, நீ ஓடி வாறதப் பாத்து நிக்கதுக்கு?"

அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை.

பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. கெட்ட ரத்தமும் நல்ல ரத்தமும் கலக்கிறது. ஆபரேஷன் ஆகும்வரை அதிகம் அழவிடாதீங்க என்று இங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். போன மாதம் ஊசி போட்டபோது அழுதாள். உதடு, நகம் எல்லாம் நீலம். இரண்டரை வயதுப் பிள்ளையை அழாமல் எப்படி வைத்துக்கொள்வது? கேட்டதெல்லாம் கொடுக்கிறோம். கேட்காததையும்.

ஆகஸ்ட் 17, சனி

நடுவில் முக்கால் மணி நேரம் இருக்கிறதாம். யாரைக் கேட்டாலும் "தாராளம்" என்கிறார்கள். தாராளம் என்றால் எவ்வளவு?

ஆகஸ்ட் 21, புதன்

ரயிலில்தான் எழுதுகிறேன். ஸ்டேஷன் வரைக்கும் அத்தை வந்தார். முழங்கால் வலி, இல்லாவிட்டால் கூடவே ஏறியிருப்பார்.

"ஏட்டி, தூங்கிராத. தூங்குனா மெட்ராஸ்லதான் முழிப்ப."

இனி எங்கே தூங்க.

திண்டுக்கல் தாண்டி ஏதோ ஒரு வெட்டவெளியில் வண்டி நிற்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கவலைப்படவும் இல்லை. எல்லாரும் தூங்குகிறார்கள். பஸ் என்றால் முன்னால் போய் டிரைவர் அண்ணாச்சியிடம் கேட்கலாம். இங்கே யாரிடம் போய்க் கேட்க? என் முக்கால் மணி நேரம் கரைந்துகொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

விழுப்புரத்தில் இறங்கும்போது விடிந்துவிட்டது. பாண்டிச்சேரி வண்டி எது என்று கேட்டேன். ஒருவர், "அதோ அந்தக் கடைசில நிக்குது பாரும்மா, கெளம்பப் போவுது" என்றார். இடுப்பில் பிள்ளை, தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. மேம்பாலம் ஏறி இறங்கி ஓடினேன். வண்டியின் படி உயரம். வாசலில் நின்ற ஒரு பெண் கையை நீட்டினார். "கொழந்தய குடும்மா."

கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. எங்கள் பஸ் ஸ்டாண்டில் தினமும் நடப்பதுதானே — முதலில் பிள்ளை போகும், பிறகு பை, பிறகு நாம். கீழே வைத்த பையை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் அந்த வாசல் அங்கே இல்லை.

வண்டி நகருது. சத்தமே இல்லாம நகருது.

தட்டினேன். ரெண்டு கையாலயும் பெட்டியத் தட்டுதேன். "ஆள் ஏறணும், ஆள் ஏறணும்"னு கத்திக்கிட்டே தட்டுதேன். பஸ்ஸத் தட்டுவோம்லா, அப்படி. தட்டினா நிக்கும்னு. யாரோ பின்னாலிருந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள், இல்லாவிட்டால் நான் சக்கரத்துக்குள்... ஜன்னல்ல தன்வி முகம் போச்சு. வாய் திறந்திருந்துச்சு. சத்தம் கேக்கல. அழுதா நீலமாயிருவாளே. அந்தப் பொம்பளைக்கு அது தெரியாதே. நான் சொல்லலையே.

ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் எங்கெங்கோ பேசினார். "அடுத்த ஸ்டேஷன் வளவனூர்ம்மா. கொழந்தையோட எறங்கிட்டாங்களாம், போ." ஆட்டோவில் போனேன். வழி முழுக்க அவள் உதடு, உதடு, அது மட்டும்தான்.

பெஞ்சில் அந்தப் பெண். மடியில் தன்வி. உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆனால் மூச்சு சீராக இருந்தது. கையில் யாருடையதோ ஒரு கண்ணாடி வளையல்.

"ரொம்ப அழுதுச்சும்மா. ஒதடு ஒரு மாதிரி ஆயிட்டுது, பயந்தே போயிட்டேன். அப்பறம் வளையலக் கழட்டிக் குடுத்தேன்." பேர் கற்பகமாம். பாண்டியில் ஜவுளிக்கடை வேலை. வேலைக்கு நேரமாவதைப் பார்க்காமல் எங்களுக்காக இறங்கியிருக்கிறார். நன்றி சொன்னேனா? நினைவில்லை. அவர் திட்டியது நினைவிருக்கிறது.

"பாத்தா படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. மொதல்ல நீ ஏறணுமா, கொழந்தய ஏத்தணுமா?"

மூவரும் பஸ்ஸில் பாண்டி போனோம். ஆஸ்பத்திரியில் டோக்கன் முடிந்துவிட்டது. நாளைக்கு வந்து பாருங்க, உறுதி சொல்ல முடியாது என்றார்கள். வராந்தாவில் இருக்கிறோம். தன்வி என் மடியில். ஒரு கையால்தான் எழுதுகிறேன், மற்ற கையை எடுக்க மனமில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பார்த்துவிட்டார்கள். நேற்றைய தேதியைப் பார்த்ததும் டோக்கன் கொடுப்பவர் முகம் சுளித்தார். கெஞ்சினேன். வெட்கமில்லாமல் கெஞ்சினேன்.

டாக்டரம்மா தன்வியின் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கடைசியா எப்ப நீலமாச்சு?"

"நேத்துக் காலையில."

எப்படி என்றார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன்.

"இவ்வளவு சீக்கிரமாவா?"

"இனிமே தள்ளிப்போட முடியாதும்மா."

அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீ சாப்பிட்டியாட்டி?" என்றார்.

செப்டம்பர் 19, வியாழன்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவர் கதவுப் பக்கமே நிற்கிறார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

அக்டோபர் 5, சனி

விழுப்புரம் ஸ்டேஷன். கோவில்பட்டி வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது. இதே பிளாட்பாரம்தானா என்று அவர் மூன்று பேரிடம் கேட்டுவிட்டு வந்தார்.

தன்வி, கடையில் தொங்கும் கலர் பாட்டிலைக் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு அந்த வார்த்தை புதிது. என் முகத்தையே கொஞ்சம் பார்த்தாள். பிறகு பையின் மேல் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தாள். பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிற கத்தல்.

அவர் பதறிப்போய்ச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். "வாங்கிக் குடுத்திருவோம்ட்டி, அழுதாள்லா!"

கையைப் பிடித்துக்கொண்டேன். "அழட்டும்."

நெற்றி சிவந்தது. காது சிவந்தது. உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம், இரண்டு பேரும். சிவப்பு. நல்ல சிவப்பு. அவர் குனிந்து இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

பக்கத்து பெஞ்சு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கொழந்த அப்பிடிக் கத்துது, பெத்தவங்க ரெண்டு பேரும் நின்னு வேடிக்க பாக்கறீங்களே!"

ஆமாம் என்றேன்.