நான் மைக்கைத்தான் நகர்த்தினேன்

மச்சான்,

இன்று காலை யட்டியாந்தோட்டை பஸ்ஸில் ஒருவர் ஒட்டுப்பால் மூட்டையோடு ஏறிவிட்டார். மழையில் ஊறிய மூட்டை. ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டிக் கிடப்பதைப் பிய்த்துச் சேர்த்த அந்தச் சாமானின் நாற்றம் உனக்குத் தெரியாததா? கொண்டக்டர் வாயில் வந்ததையெல்லாம் சிங்களத்தில் கொட்டித் தீர்த்தார். பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. எனக்கு நாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. உன் மேல் கோபம்தான் வந்தது. நீ போய் ஒரு வருடமாகியும் அது கொஞ்சமும் ஆறவில்லை.

அந்த நாற்றத்தை நம் டிரம் செட்டுக்குள் கொண்டு வந்தவனே நீதானே. டிரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மைக் வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். தொழிற்சாலையில் கரண்ட் வேலை பார்க்கிறவன் என்பதால் இசைக்குழுவின் சவுண்ட் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது. சட்டையில் குத்துகிற சின்ன மைக்குகள் மாவனல்லையில் மலிவாகக் கிடைத்தன. அவற்றை டிரம்மில் பிடித்து வைக்கும் கிளிப்பின் விலையைக் கேட்டதும், இருவரும் நல்ல பிள்ளைகளாகக் கடையை விட்டு இறங்கினோம். துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிப் பார்த்தேன். இரண்டாவது பாட்டிலேயே தெறித்துப் போனது. டேப் சுற்றினேன், வெயிலில் இளகி விழுந்தது. ஒருநாள் நீ பால் வெட்டி முடித்து நேராக என் வீட்டுக்கு வந்து, மரத்தில் சிரட்டையைத் தாங்குகிற கம்பி ஒன்றை மேசையில் போட்டாய்.

"ஒரு சிரட்டப் பாலயே தாங்குது. ஒன் மைக்க தாங்காதா?"

தாங்கியது. கம்பியின் ஒரு முனையை டிரம்மின் தோலை இறுக்கும் ஆணிக்கு அடியில் செருகினோம். மறுமுனையை வளைத்து மைக்கைப் பிடிக்க வைத்தோம். அடித்தபோது கம்பியும் சேர்ந்து கிணுகிணுத்தது. நீ ஒட்டுப்பாலைச் சின்ன உருண்டையாக உருட்டிக் கம்பிக்கும் விளிம்புக்கும் நடுவில் அமுக்கினாய், கிணுகிணுப்பு நின்றுவிட்டது. காலால் மிதிக்கும் பெரிய கிக் டிரம்முக்கு மட்டும் அந்த வித்தை போதவில்லை. பழைய சைக்கிள் டியூபைக் கீறி, டிரம்முக்குள்ளே நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, நடுவில் மைக்கைத் தொங்கவிட்டோம். அதன் பிறகு நீ மிதித்த ஒவ்வொரு அடியும் ஸ்பீக்கர் பெட்டிகளில் வந்து நெஞ்சில் இடித்தது. "நாத்தம் அடிக்கிற பேண்ட் ஒலகத்துலயே நம்மளுதுதான்" என்று ஊரெல்லாம் பெருமையடித்தாய்.

இவ்வளவு மூளை உள்ளவன் அந்த வயலில் என்னடா செய்தாய்?

தெரணியகலைப் பக்கம் ஒரு சிங்களக் கிராமத்தில் கல்யாண வீடு. பாதைக்கு அடியில் தண்ணீர் ஓடும் போக்கு உடைந்து கிடந்ததால் லொறி பாதியிலேயே நின்றுவிட்டது. மிக்சர் நனைந்துவிடும் என்று நான் அதைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்பாதையில் நடந்தேன். நீ கிக் டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் வயலைக் குறுக்கே கடந்து வந்தாய். குதிகாலில் வெடிப்பு, காலில் செருப்புக்கூட இல்லை. கல்யாண வீட்டுப் பெரியவர் விவசாயி. உன் காலைப் பார்த்ததும் உள்ளே போய் இரண்டு மாத்திரைகளை எடுத்து வந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"மல்லி, வயல் தண்ணி பட்டா பெத்தி குடிக்கணும். மீ உண வரும்" என்றார், தம்பிக்கு மல்லி, மாத்திரைக்கு பெத்தி என்று சிங்களம் கலந்து, தெரிந்த தமிழில்.

எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலைத்தான் சொன்னார். நீ அவருக்குச் சிங்களத்தில் நன்றி சொல்லி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னிடம் கண்ணடித்தாய். "வயக்காட்டு சீக்கு நமக்கு என்னாத்துக்கு? நாங்க ரப்பர்காரங்க தானே." அங்கே அதிகமாகச் சிரித்தவன் நான்.

பத்து நாள் கழித்துப் பயிற்சிக்கு வந்தபோது உனக்கு உடம்பு கொதித்தது, கண் இரண்டும் சிவந்திருந்தன. தூக்கம் இல்லை என்றாய். "கெண்டக்காலு ரெண்டும் முறுக்குது மச்சான்" என்றாய். "பெடல மிதிச்சு மிதிச்சுதான். வயசாகுதுடா ஒனக்கு" என்றேன். தோட்டத்து மருந்துச்சாலையில் பெனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வயலில் இறங்கினாயா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பால் வெட்டுகிறவனிடம் யார் கேட்பார்கள்? கேட்காவிட்டால் என்ன, உனக்கு வாய் இல்லையா? ஊர்க்கதையெல்லாம் பேசுவாயே, இதை ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்து போயிருப்பாய்?

இரண்டு நாள் கழித்து, பாடசாலை மைதானத்தில் பொங்கல் விழா. பிற்பகல் வெயில். மூன்றாவது பாட்டில் கிக் டிரம்மின் சத்தம் இறங்கியது. மற்ற டிரம்கள் எல்லாம் சரியாக வந்தன. கால் அடி மட்டும் தேய்ந்து தேய்ந்து போனது. டியூப் தொய்ந்துவிட்டது என்று நினைத்தேன். பாட்டுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் உன் முன்னால் மண்டியிட்டு, டிரம்முக்குள் கையை விட்டு, டியூபை இழுத்துக் கட்டி, மைக்கைத் தோலுக்கு ஒரு விரற்கடை பக்கத்தில் நகர்த்தினேன். உன் கால் என் முகத்துக்கு நேரே இருந்தது. அது நடுங்கியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு எழுந்து போய் சத்தத்தைக் கூட்டினேன்.

"இப்ப கேக்குதா?" என்று கேட்டாய்.

"இப்ப சரி. நீ அடி."

நீ இன்னும் ஐந்து பாட்டுக்கு அடித்தாய்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உன் கண் மஞ்சளாகியிருந்தது, சிறுநீர் நின்றுபோயிருந்தது. வயலில் இறங்கினாரா என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. நாலாம் நாள் உன்னைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். சாவு வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் விதி, விதி என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதியா உள்ளங்கையில் மாத்திரையை நீட்டும்? விதியா கால் நடுங்குவதைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டும்?

கருமாதி அன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "அண்ணே, பொங்கலன்னிக்கு அவரு அடிச்சது எப்பவும் போலத்தான் இருந்துச்சா?" எப்பவும் போலத்தான் இருந்தது என்று சொன்னேன். ஒரு வருடம் அந்தப் பொய்யோடு உன் லயத்து வீட்டைத் தாண்டிப் போய் வந்திருக்கிறேன்.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கி நேராக உன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பங்கரை வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ரெண்டு நாளா நான் தைலம் தேச்சு விட்டேன் அண்ணே" என்றாள். "நல்லா அமுக்கு, நல்லா அமுக்குன்னாரு. நானும் பெடலு மிதிச்ச நோவுன்னுதான் நெனச்சேன்."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவளும் மனதுக்குள் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

உன் இடத்தில் இப்போது தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து ஒரு பெண் வாசிக்கிறாள். பாலர் நிலையத்தில் வேலை செய்கிறாள். கை சுத்தம், உன்னைப் போல அலட்டல் இல்லை. இன்று பின்னேரம் பயிற்சியின்போது நாலாவது பாட்டில் கால் அடி மெலிந்தது. என் விரல் தானாகவே சத்தத்தைக் கூட்டப் போனது. கையை எடுத்துவிட்டேன். எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, போய் அவள் பக்கத்தில் குந்தினேன்.

"காலு நோவுதா? காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா? வயல் பக்கம் போனியா?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "இல்லண்ணே. செருப்பு வழுக்குது. அவ்வளவுதான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலால் இரண்டு தடவை மிதித்துக் காட்டும்வரை நான் அங்கிருந்து எழும்பவில்லை. உனக்கு இதைச் செய்யவில்லையடா.