தலைவருக்குக் கீழே

மார்ச் 6, 1979

கம்ப்யூட்டர் அறையில் இன்று இரண்டு கம்பெனிக்காரர்கள் தங்கள் சாஃப்ட்வேரை ஓட்டிக் காட்டினார்கள். தொழிற்சாலை டிஸ்பென்சரிக்கான குடும்பப் பட்டியலை எதில் வைப்பது என்பதுதான் கேள்வி. முதலாவதில் குடும்பத் தலைவர் மேலே, மற்றவர்கள் அவருக்குக் கீழே தொங்குவார்கள். இரண்டாவதில் ஆளாளுக்குத் தனி நம்பர். யாருக்கு யார் உறவு என்பது வேறொரு ஃபைலில். கார்டில் துளையடித்துத் தகவல் ஏற்றும் பஞ்ச் ஆபரேட்டர்களான எங்களையும் அதிகாரி கருணாகரன் கேட்டார். முதலாவது என்று பட்டென்று சொன்னேன். கார்டு பாதிதான் அடிக்க வேண்டும். வலிக்கிற விரல் என்னுடையதா, அவர்களுடையதா?

ஏப்ரல் 19

முதலாவதே வந்துவிட்டது. என் கார்டை நானே அடித்தேன். லியோனார்ட் மேலே, நானும் மகள் அடைக்கலமும் கீழே. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் இங்கேயே வேலை என்றால் புருஷன்தான் தலைவராம். போகட்டும் கழுதை என்று சிரித்துக்கொண்டே அடித்தேன்!

ஜூன் 2

லியோனார்டை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். உலைப் பக்கம் மின்விசிறி வேண்டும் என்று தொழிற்சாலை வாசலில் நின்று பேசியதற்கு!

"இன்னா இப்போ? ஹார்பர்ல மூட்டை தூக்கறேன்" என்று சொல்லிவிட்டு மீன் ஆய உட்கார்ந்தார்.

இந்த மனுஷனுக்கு வாய் அடங்காது. அடங்கவும் வேண்டாம்.

ஜூன் 11

அடைக்கலத்துக்கு மூச்சிழுப்பு. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கம்பவுண்டர் ஷாகுல் ஹமீது பட்டியலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க பேரே இல்லம்மா. வூட்டுக்காரர் பேரை எடுத்தாங்க, கீழ இருந்ததெல்லாம் கூடவே பூட்ச்சு."

நான் அந்த மிஷினுக்குத் தினமும் தீனி போடுகிறவள். எனக்கு அதில் இடமில்லையா? மருந்து கொடுத்தார், ஆனால் இன்னொரு தடவை முடியாது என்றார். பாவம், அவரைச் சொல்லி என்ன?

ஜூன் 12

கருணாகரனிடம் போய் நின்றேன்.

"தலைவர் போயிட்டா மத்தவங்க எதுல தொங்குவாங்க? சாஃப்ட்வேரே அப்படித்தான், ஐரீன். நீங்களும்தானே இதை எடுக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன் சார். அதுக்காக என் பொண்ணு மூச்சு வுடக் கூடாதா? என்னைத் தலைவரா போடுங்க."

"லேடீஸைத் தலைவரா போட விதி இல்லை."

விதியாம். எவன் எழுதின விதி?

ஜூன் 14

கேன்டீன் ஆவுடையம்மாளும் பட்டியலில் இல்லை. அவள் புருஷனும் இங்கேதான் வேலை பார்த்தான். போன மாதம் இறந்துபோனான். "செத்தது அவுரு, எடுத்தது என்னையா? நான் உசுரோட கீறேன்மா!" என்று கரண்டியை ஆட்டிக்கொண்டு கத்தினாள். இப்படி இன்னும் எத்தனை பேரோ.

ஜூன் 18

விதி மாறும்வரை தொடுவதில்லை என்று, பட்டியலுக்கான கார்டுகளை இன்று பஞ்ச் அறைப் பெண்கள் ஒருத்தரும் தொடவில்லை. மேனேஜர் வந்து கத்தினார். வேலை போய்விடும் என்றார். போகட்டும்! வீட்டில் ஒருத்தர் ஏற்கெனவே மீன் ஆய்கிறார், நானும் பக்கத்தில் உட்காருகிறேன். அவர் முகத்துக்கு நேரேயே இதைச் சொன்னேன்.

ஜூன் 20

தொடவில்லை.

ஜூன் 25

விதி மாறிவிட்டது, லேடீஸும் தலைவராகலாமாம். சாஃப்ட்வேர் மாறவில்லை, அது அப்படியேதான் இருக்குமாம். இருக்கட்டும். முதலில் ஆவுடையம்மாள் கார்டை அடித்தேன். பிறகு என்னுடையது. நான் மேலே. கீழே அடைக்கலம். அதற்கும் கீழே லியோனார்ட் — இங்கே வேலையில்லாத கணவரையும் சேர்க்கலாமாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"இன்னாமே, நான் உனக்குக் கீழயா கீறேன்?"

"ஆமா. பேசாம தொங்கிக்கினு இருய்யா."

முறைத்தார். பிறகு மூட்டை தூக்கி வீங்கிய தோளைத் திருப்பிக் காட்டினார். "அப்போ இதுக்கு மருந்து வாங்கியாயேன், தலைவரே."

ஜூன் 26

ஷாகுல் ஹமீது பட்டியலில் லியோனார்ட் பேர் மேல் விரலை வைத்துக்கொண்டு, "குடும்பத் தலைவர் யாரு?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். தைலத்தை எடுத்து நீட்டினார்.