பத்துக்கு மூன்று

பெமிட்ஜி, மினசோட்டா
ஜனவரி 19

அன்புள்ள கொரீன் அவர்களுக்கு,

ஆர்டிஸ் எழுதுவது. உங்கள் கணவர் வெர்லினின் முதல் மனைவி. நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள், சனிக்கிழமை வரைக்குமாவது. இங்கே ஏரி நன்றாக உறைந்துவிட்டது, அதன்மேல் லாரியே போகிறது.

விவாகரத்தான வாரம் நீங்கள் அனுப்பிய அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். கோபத்தையெல்லாம் கடிதமாக எழுதி, அனுப்பாமல் அடுப்பில் போடுங்கள், பாரம் குறையும் என்று எழுதியிருந்தீர்கள். புருஷனையும் எடுத்துக்கொண்டு புத்திமதியும் சொன்ன ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. இரண்டு குளிர்காலம் எழுதி எழுதி எரித்தேன். வீடு சூடானதுதான் மிச்சம். அதனால் இதைத் தபாலில் சேர்க்கிறேன்.

தப்பு என் மேலும் உண்டு. முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், ஓய்வு பெற்ற பிறகும் காலை ஐந்து மணிக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. நூலகத்தில் உங்கள் நோட்டீஸைப் பார்த்து, ஓய்வு பெற்றவர்களுக்கு வாழ்க்கை வழிகாட்டுவதாக நீங்கள் நடத்திய அந்த ஆறு வார வகுப்பில் அவர் பெயரை எழுதிக்கொடுத்தவளே நான்தான். சொந்தச் செலவில் சூனியம்.

இரண்டாம் வாரம் அந்த வட்டத்தைக் கொண்டுவந்தார். வாழ்க்கையை எட்டுத் துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போடச் சொல்லியிருந்தீர்கள். பொழுதுபோக்குக்கு ஒன்பது. கல்யாணத்துக்கு மூன்று. ஐந்தாம் வாரம், "பயமே இல்லைன்னா என்ன செய்வீங்க, வெர்லின்?" என்று கேட்டீர்களாம். ஆறாம் வாரம் பெட்டியோடு கிளம்பினார்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரிலிருந்து வியாழன்தோறும் அவர் இங்கே வருகிறார். பனிமேல் வைக்கும் மீன்பிடிக் குடிசை என் கொட்டகையில் கிடக்கிறது, அதைச் சரிசெய்வதாக உங்களிடம் சொல்லியிருப்பார். சரிசெய்தார், சாப்பிடவும் செய்தார். "அவகிட்ட உப்பக் கேட்டாக்கூட, அது உங்களுக்குள்ள என்ன உணர்வக் கிளப்புதுங்கிறா, ஆர்டிஸ். மனுஷன் நிம்மதியா ஒரு வாய் திங்க முடியல" என்று புலம்பினார்.

உங்களை நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அவர் விட்டுப்போன வகுப்புக் குறிப்புகளைப் படித்திருந்தேன். அறிவுரை சொல்லாதே, கேள்வி மட்டும் கேள், பதில் அவர்களிடமே இருக்கிறது. அப்படியே செய்தேன். வட்டம் வரைந்து பென்சிலைக் கையில் கொடுத்தேன். அந்தக் காகிதம் இத்துடன் இருக்கிறது, கையெழுத்து உங்களுக்குத் தெரியும். கல்யாணத் துண்டைப் பாருங்கள். எனக்குப் போட்டதையேதான் உங்களுக்கும் போட்டிருக்கிறார். ஓரவஞ்சனை இல்லாத மனிதர்.

போன வியாழன் உங்கள் ஐந்தாம் வாரக் கேள்வியையும் கேட்டேன். தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பதில் சொன்னார். சனிக்கிழமை காலை அதை உங்களிடமும் சொல்வார்.

"இங்கயே வந்துடட்டுமா?" என்று கேட்டார். "நான் என்ன சொல்லணும்னு நீங்க நெனைக்கிறீங்க?" என்றேன். குடிசையை ஏரிமேல் இழுத்துவிட ஆள் வைத்தேன். அவர் தங்கிக்கொள்ள அதில் அடுப்பும் படுக்கையும் உண்டு, மார்ச் வரை பனி தாங்கும். வீட்டுப் பூட்டையும் மாற்றிவிட்டேன்.

மனம் குளிர்ந்ததா என்றால், குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வியாழக்கிழமைகளில் இரண்டு பேருக்குச் சமைக்கும் பழக்கம் திரும்பிவிட்டது, அதை இனி விட வேண்டும்.

உங்களுக்கும் கோபம் வரும். எழுதுங்கள், எரித்துவிடாதீர்கள். என் விலாசம் உறைமேல் இருக்கிறது. தினமும் தபால் பெட்டியைப் பார்ப்பேன். ஆண்டவர் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆர்டிஸ்