உங்கள் தலையில் நான் வைத்த பால்குடம்

இன்று காலை ரசத்துக்குத் தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, இரண்டாக வெட்டி, விதையை விரலால் வழித்துக்கொண்டிருந்தேன். மருமகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "யாருக்கு அத்தை விதை எடுக்குறீங்க?" என்றாள். அப்போதுதான் என் கை செய்துகொண்டிருந்ததை நானே கவனித்தேன். இந்த வீட்டில் தக்காளி விதை ஆகாத ஆள் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது.

"பழக்கம்மா" என்று சொல்லி அவளைச் சமாளித்தேன். அவளுக்கு முழுக்கதை தெரியாது. உங்களுக்கே அதில் பாதிதான் தெரியும் என்று நினைக்கிறேன். மீதியை உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் குவாலா சிலாங்கூர் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நீங்கள் குலை வெட்டுகிற ஆள். நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து நீங்கள் வெட்ட, கீழே சிதறும் பழங்களை நான் பொறுக்கிச் சாக்கில் போடுவேன். கல்யாணமான மூன்றாம் வருடம் உங்கள் வயிறு முறுக்கத் தொடங்கியது. சாப்பிட்டது நிற்கவில்லை. ஒரே வருடத்தில் கைலி இடுப்பில் தங்காமல், கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் செய்வினை என்றார்கள், மீதிப் பேர் சம்சுச் சாராயம் குடித்துக் குடல் வெந்துவிட்டது என்றார்கள். குடிக்காத மனிதனைக் குடிகாரன் என்றதில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, சுருங்கிப்போன குடலில் ஒரு முழம் வெட்டி எடுத்தார்கள். சீன டாக்டரம்மா ஒருவர் நோயின் பெயரைத் தாளில் எழுதிக் காட்டினார். குரோன்ஸ். அந்தப் பெயரை லயத்தில் யாரிடம் சொல்வது? கேட்டவர்களுக்குக் குடல்புண் என்று சொல்லி வைத்தோம். இது தீருகிற நோய் இல்லை, அடக்கி வைக்கிற நோய் என்று அவர் மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மிச்சக் குடலிலும் ஓர் இடம் குறுகியிருக்கிறது, சக்கை உள்ள எதையும் தின்றால் அங்கே போய் அடைக்கும், அடைத்தால் மறுபடி வெட்ட வேண்டும், வெட்ட வெட்டத் தின்றது உடம்பில் ஒட்டாது என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

அவர் தந்த சாப்பாட்டுப் பட்டியலில் கோழி சூப், வெள்ளை ரொட்டி, மீன், டின்னில் வரும் பேரிக்காய் எல்லாம் இருந்தன. படித்துக் காட்டியபோது நீங்கள், "தொரை வீட்டு மெனு மாதிரி இருக்கு லா" என்றீர்கள். உண்மைதான். தோட்டத்தில் சும்மா கிடைப்பதெல்லாம் உங்களுக்கு ஆகாது. வேலியில் முருங்கைக்கீரை, கொல்லையில் பலாக்காய், கொய்யா, தேங்காய், அவரை, எல்லாமே சக்கை. தின்னச் சொன்னதற்கெல்லாம் காசு வேண்டும். அந்த நேரம் பார்த்து உங்களுக்குக் கனமான வேலை கூடாது என்று, சம்பளம் குறைந்த பம்ப் வீட்டு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

நான் அந்தப் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் மாற்றினேன். கோழி சூப்புக்குப் பதில் நம் கோழி போட்ட முட்டை. பேரிக்காய்க்குப் பதில் நன்றாகக் கனிந்த வாழைப்பழம். கேரட்டையும் பூசணிக்காயையும் குழைய வேகவைத்து, மாவு சலிக்கும் சல்லடையில் கரண்டியால் தேய்த்து இறக்கினேன். நொய்யரிசிக் கஞ்சி. மீனுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஜெராம் மீன்பிடித் துறைக்குப் போவேன். படகு வந்து நல்ல மீனெல்லாம் போனபின், நசுங்கியதும் வால் அறுந்ததுமாகக் கூடையில் மிஞ்சியதை அங்கே மீன் விற்கும் மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக், எனக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார். உடைந்த மீன் என்றால் என்ன, உங்களுக்கு நான் முள்ளெடுத்துப் பிசைந்துதானே தரப்போகிறேன். அவித்துப் பிசைந்த மீனில் உப்பும் துளி மஞ்சளும்தான். "இது மீனா, மீனோட ஆவியா?" என்பீர்கள். ஆனால் எட்டே மாதத்தில் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டீர்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய்தான் கெடுத்தது. ஆப்பரேஷன் அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடி நம் தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். 'இந்த ஒரு வெட்டோடு போகட்டும். இன்னொரு தடவை அவர் வயிற்றில் கத்தி படாமல் பார்த்துக்கொள். அவரே விரதம் இருந்து உனக்குப் பால்குடம் எடுப்பார்.' உங்களைக் கேட்காமல் உங்கள் தலையில் குடத்தை வைத்துவிட்டேன். அதற்கு இருபத்தோரு நாள் விரதம் என்பதோ, விரதச் சாப்பாடு என்னவென்பதோ அந்தப் பெஞ்சில் என் புத்தியில் ஏறவில்லை.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு நீங்கள் காப்புக் கட்டிக்கொண்டீர்கள். முட்டையும் மீனும் நின்றன. ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் விரதக்காரர்கள் எல்லாரும் கோயிலில் ஒரே பானையில் பொங்கிச் சாப்பிடுவது. கீரைக் கூட்டு, அவரைக்காய், விதையோடு கத்தரிக்காய், பலாக்காய்ப் பிரட்டல். "கொஞ்சமா சாப்பிடுங்க" என்று முதல் நாள் சொன்னேன். "சாமி சாப்பாடு, ஒண்ணும் செய்யாது" என்றீர்கள். நானும் அதை நம்பத்தான் விரும்பினேன். தினம் ஒருமுறை உங்கள் வயிற்றைக் கண்ணால் அளப்பேன். ஐந்தாம் நாள் நீங்கள் பம்ப் வீட்டில் குந்தியபடி முழங்காலை வயிற்றில் அழுத்திக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால், "காலு மரத்துப் போச்சு" என்றீர்கள். பொய் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. விரதத்தை முறிக்கச் சொன்னால் ஆத்தாள் கோபம் உங்கள் குடலில் இறங்கிவிடுமோ என்று பயந்தேன். இரண்டு பக்கமும் பயம், நடுவில் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிறு மத்தளம் மாதிரி இறுகிவிட்டது. பச்சையாக வாந்தி. தோட்டத்து லோரியில் பாய் விரித்துக் கிடத்திக்கொண்டு போனோம். செம்மண் பாதையில் லோரி தூக்கிப் போடும்போதெல்லாம் நீங்கள் என் கையை நெரித்தீர்கள், கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ரப்பர்க் குழாய் விட்டார்கள். அதே டாக்டரம்மா வந்து எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், உங்கள் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன கொடுத்த?" என்று மலாயில் கேட்டார். கீரை, அவரை, பலாக்காய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாளைக் காலைக்குள் அடைப்பு விடவில்லை என்றால் வெட்டுவதைத் தவிர வழியில்லை, காற்றுப் பிரிந்தால் பிழைத்தோம் என்றார்.

அவர் போனபின் உங்கள் காதருகில் குனிந்து, "வலிக்குதுன்னு ஏங்க முன்னமே சொல்லல?" என்று கேட்டேன்.

குழாயோடு பேச உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. "வேண்டிக்கிட்டது நீ. நான் முறிச்சா உன் தலையிலதான விழும்" என்றீர்கள்.

நான் உங்களுக்காகப் பயந்து வாயை மூடியிருந்தேன், நீங்கள் எனக்காகப் பயந்து வலியை விழுங்கியிருக்கிறீர்கள். இரண்டு மடையர்கள் சேர்ந்து குடும்பம் நடத்தினால் இப்படித்தான் இருக்கும். அந்த இடத்தில் நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை டாக்டரம்மா வந்தார். "கெந்துட்?" என்று ஒரே வார்த்தை கேட்டார். காற்றுப் பிரிந்ததா என்று. இல்லை என்று தலையாட்டினீர்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்து, "கெந்துட்?" இல்லை. கையெழுத்துப் போடும் தாளை நர்ஸ் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தாளை நான் பார்க்காமல் உங்கள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை அவர் வருவதற்குச் சற்று முன்னால், வார்டு முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம். நீங்கள் வெட்கப்பட்டுப் போர்வையை முகத்துக்கு இழுத்தீர்கள். நான் கட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்தச் சத்தத்தை அப்படி வரவேற்ற பெண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது திருவிழாவுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. நீங்கள் கட்டிலில் சாய்ந்தபடியே, "மிச்ச நாளையும் முடிச்சிடுறேன்" என்றீர்கள். நான் நேரே நம் கோயில் பூசாரி அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். அவரும் வார நாட்களில் உங்களோடு குலை வெட்டியவர்தான். நடந்ததைச் சொல்லி, விரதத்தை நிறுத்தினால் குற்றமா என்று கேட்டேன்.

அவர் அரிவாளைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. "ஆத்தா கேட்டது பாலு. தூக்குற ஆளு இன்னாருன்னா கேட்டுச்சு? வாய விட்டது நீயி. நீயே காப்பக் கட்டித் தூக்கும்மா" என்றார்.

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது என் நடை லேசாகியிருந்தது.

சிக்கல் அதோடு தீரவில்லை. இப்போது விரதக்காரி நான், முட்டையும் மீனும் தின்ன வேண்டியவர் நீங்கள். வீட்டின் பின்பக்கம் மூன்று கல் வைத்துத் தனி அடுப்பு மூட்டினேன். உங்களுக்கு மீனை அவித்துப் பிசைந்து வைத்துவிட்டு, தலைக்குக் குளித்து, பிறகு என் சாப்பாட்டைப் பொங்கினேன். குழாயடியில் பேச்சு கிளம்பியது. "விரதக்காரி வீட்டுல மீன் வாடை அடிக்குது, எங்க போயி சொல்ல" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதைவிட நீங்கள்தான் என்னைப் படுத்தினீர்கள். தட்டைத் தொடவில்லை. கஞ்சி மட்டும் போதும் என்று இரண்டு நாள் முரண்டு பிடித்தீர்கள். மூன்றாம் நாள் மதியம் அவித்த முட்டையை உங்கள் முன்னால் வைத்து, நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"இத நீங்க சாப்பிட்டாத்தான் நான் பச்சத்தண்ணி குடிப்பேன்" என்றேன்.

"சாமி பாத்துக்கிட்டு இருக்கு லா."

"பாக்கட்டும். அதுக்கும் தெரியட்டும், நான் யாருக்கு வேண்டுனேன்னு."

கோழி ஒன்று உள்ளே வந்து நம் இருவரையும் பார்த்துவிட்டுப் போனது. பிறகு முட்டையை உடைத்து, உப்புத் தொட்டு, மென்று மென்று தின்றீர்கள். தின்றபடியே உங்கள் கண் கலங்கியது. நான் அதைப் பார்க்காத மாதிரி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

திருவிழாவன்று என் தலையில் பால்குடம். நீங்கள் வாளியில் மஞ்சள் தண்ணீரோடு பக்கத்தில் நடந்து, தார் ரோட்டில் என் கால் சுடாமல் ஊற்றிக்கொண்டே வந்தீர்கள். என் வேண்டுதலின் முழு வாசகத்தை நான் சொல்லவே இல்லை, நீங்களும் கேட்கவில்லை. அதற்குப்பின் வருடா வருடம் நான்தான் எடுத்தேன். தோட்டம் விலைபோய், லயம் இடிபட்டு, நாம் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தபிறகும் எடுத்தேன். இடையில் உங்களுக்கு வயிறு எத்தனையோ தடவை முறுக்கியது. ஒவ்வொரு முறையும் சல்லடையை எடுத்துக் கழுவுவேன், நொய்யரிசியைக் களைவேன், உங்களிடம் எரிந்து விழுவேன். பயத்தை வேறு எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு மட்டும் மன்னித்துவிடுங்கள்.

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது வயிறு இல்லை, நெஞ்சு. கூடத்தில் கிடத்திப் புது வேட்டி கட்ட வந்தபோது பெண்களை வெளியே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. தொப்புளுக்குக் கீழே பழைய தையல், வெளுத்து, நூல் மாதிரி மெலிந்து கிடந்தது. வயிறு முழுக்கக் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். வேறு தையல் எதுவும் இல்லை, அந்த ஒரு வெட்டுதான். அந்தக் கைதான் இன்று காலை தக்காளி விதையை எடுத்துக்கொண்டிருந்தது.