திருப்பித் தரக் கூடாத சட்டி

மார்ச் 4, செவ்வாய்

சுவர் வியர்க்கிறது. தரை வியர்க்கிறது. நேற்றுத் துவைத்த காலுறை நேற்றைவிட இன்று அதிகமாக நனைந்திருக்கிறது. குவாங்சோவில் மார்ச் மாதம் என்றால் இப்படித்தான். இதில் எனக்கு இருமல் வேறு. ஒன்பதாவது நாள்.

கீழே மூலிகை டீக்கடை வைத்திருக்கும் லோக் அக்கா என் இருமலைக் கேட்டதுமே, "உடம்புல சூடு ஏறிடுச்சு டீச்சர், பொரிச்சதைத் தின்னிருப்பீங்க" என்று கன்னங்கரேலென்று ஒரு கோப்பை நீட்டினாள். குடித்தேன். கசப்பில் காது அடைத்தது. ஃபோஷானிலிருந்து தங்கை போனில், "ஐயையோ, அதைப் போய்க் குடிச்சியா? உனக்குக் குளிர்ச்சி அக்கா! இஞ்சி தட்டிப் போட்டுக் குடி" என்றாள். குடித்தேன். சந்தையில் மீன் விற்பவன்கூட விடவில்லை. "உடம்புல ஈரம் சேர்ந்திருக்கு" என்றான். பார்லித் தண்ணீரும் குடித்தாயிற்று.

சூடும் குளிர்ச்சியும் ஈரமும் வயிற்றுக்குள் சண்டை போடுகின்றன. இருமல் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

மார்ச் 6, வியாழன்

படியில் ஔயாங் சார். எனக்கு நேர் மேலே, ஐந்தாம் மாடி. முப்பது வருடம் நாட்டுமருந்துக் கடையில் தராசு பிடித்தவர். பேச்சையும் நிறுத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்.

"நாக்கை நீட்டுங்க டீச்சர்."

நாக்கை நீட்டாதே என்று பிள்ளைகளை முப்பத்தைந்து வருடம் அதட்டியவள் நான். படிக்கட்டில் நின்று நீட்டினேன். மூன்றாம் மாடிக்காரி காய்கறிப் பையோடு ஏறி வந்தாள். இனி ஊருக்கே தெரியும்.

"கஷாயச் சட்டி இருக்கா?"

"போன வருஷமே விரிசல் விட்டிருச்சு."

அரை மணி நேரத்தில் மருந்துப் பொட்டலத்தோடு தன் சட்டியையும் கொண்டுவந்து கொடுத்தார். பழுப்பு மண்சட்டி, வயிறெல்லாம் கஷாயக் கறுப்பு. மூக்கு நுனி கொஞ்சம் உடைந்திருக்கிறது. "மூணு கிண்ணம் தண்ணி ஊத்துங்க. ஒரு கிண்ணமா வத்தணும். பக்கத்துலயே நில்லுங்க, போனைப் பாக்காதீங்க." அவர் இவ்வளவு பேசிக் கேட்டதே இல்லை.

ஒரு வருடமாக ஞாயிறு காலை அவரோடு தெருமுனை டீக்கடைக்குக் கொழுக்கட்டையும் டீயும் சாப்பிடப் போகிறேன். நான் டீ ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையைத் தட்டுவார், நன்றி என்று. அவ்வளவுதான். மேல்வீட்டுக்காரர். வேறொன்றுமில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இருமல் போய்விட்டது! சட்டி அடுப்பருகில் இருக்கிறது. கஷாயச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, இங்கேயேதான் இருக்கும். அவருக்கு உடம்புக்கு வந்தால் அவரே வந்து எடுத்துக்கொள்வார், அதுதானே வழக்கம். வரட்டும். உடம்புக்கு வராமலும் வரலாம்.

இதை ஏன் எழுதினேன்?

மார்ச் 15, சனி

தலையில் இடி.

மகள் வாய்-சின் காலையில் ஷென்ஜெனிலிருந்து வந்தாள். நான் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் அடுக்களை பளபளவென்று இருந்தது. சட்டியைக் காணோம்.

"மேல்வீட்டு அங்கிளோடதாமே? லோக் அக்கா சொன்னாங்க. நல்லா தேய்ச்சுக் கழுவி, கூட நாலு ஆரஞ்சும் வச்சுக் குடுத்துட்டேன்."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். கஷாயச் சட்டியை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? நோயைக் கட்டி அவர் வாசலில் வைத்த மாதிரி ஆகாதா? அதுவும் ஆரஞ்சோடு!

"நீதானம்மா சொன்ன, வாங்கினதைக் கையோட திருப்பிக் குடுத்திடணும்னு?"

"குடையைச் சொன்னேன்! புஸ்தகத்தைச் சொன்னேன்! சட்டியைச் சொன்னேனாடி?"

"அப்போ லிஸ்ட் போட்டுக் குடுத்திருக்கணும்."

"அவர் என்ன சொன்னார்?"

"ரொம்ப நேரம் சட்டியையே பாத்தார். அப்புறம் 'அம்மா குடுக்கச் சொன்னாங்களா'ன்னு கேட்டார். ஆமான்னேன்."

"ஏண்டி ஆமான்ன?"

"மரியாதைக்கும்மா!"

பெற்ற வயிற்றை என்ன சொல்ல. இருபது வருடம் கஷாயம் ஊறிக் கறுத்த சட்டியைக் கம்பி நார் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

மார்ச் 16, ஞாயிறு

டீக்கடைக்கு அவர் வரவில்லை. "ரெண்டு கோப்பைதானே?" என்று கேட்டுவிட்டுப் பணிப்பெண் வழக்கம்போல் வைத்துவிட்டுப் போனாள். ஒன்று அப்படியே சுத்தமாகத் திரும்பிப் போனது. இறால் கொழுக்கட்டை நாலையும் நானே தின்றேன். கோபத்தில் தின்றால் ருசி தெரிவதில்லை.

மார்ச் 17, திங்கள்

கூரைக்கு மேல் இருமல் சத்தம்.

லோக் அக்கா கரண்டியை ஆட்டிக்கொண்டு, "அது உங்க இருமல்தானே டீச்சர்? அதே ராகம்! முதல்ல ரெண்டு குட்டை, அப்புறம் ஒரு நீட்டு!"

இந்த ஈரத்தில் யாருக்குத்தான் இருமல் வராது? வந்துவிட்டுப் போகிறது. நான் என்ன செய்ய முடியும். ஆனால் அக்கா சொன்னது சரி. முதலில் இரண்டு குட்டை, அப்புறம் ஒரு நீட்டு.

மார்ச் 18, செவ்வாய்

பன்றி நுரையீரலைப் பதினான்கு தண்ணீரில் அலசி, வாதுமைப் பருப்பும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் போட்டு, மூன்று மணி நேரம் இருமல் சூப் வைத்தேன். டப்பாவில் ஊற்றி அவர் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, தட்டிவிட்டு, ஓடிவந்தேன். இந்த வயதில் படியில் ஓட்டம்.

மாலையில் டப்பா என் கதவில் தொங்கியது. கழுவித் துடைத்து, காலியாக. ஒரு பழம்கூட இல்லை, ஒரு சீட்டுகூட இல்லை. வாங்கினதைக் கையோடு கொடுக்க எனக்கும் தெரியும் என்கிறாராக்கும்!

மார்ச் 20, வியாழன்

லோக் அக்கா வழி சொன்னாள். "நீங்க மறுபடி சீக்காளி ஆகணும். அவர்கிட்டயே போய் மறுபடி அதே சட்டியை இரவல் கேக்கணும். குடுத்தார்னா மனசு ஆறிடுச்சுன்னு அர்த்தம்."

"உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"கெடுத்துக்கோங்க. அதுக்கென்ன, ஊர்ல வழியா இல்ல?"

சும்மா நடிக்கலாம்தான். ஆனால் நாக்கை நீட்டச் சொல்வாரே.

மார்ச் 22, சனி

மூன்று நாளாக முயற்சி. காலையில் எண்ணெய் சொட்டும் பொரித்த மாவுத் தண்டு நான்கு. மதியம் சூட்டைக் கிளப்பும் காய்ந்த லொங்கன் பழம் ஒரு பொட்டலம், முழுசாக. தண்ணீர் பக்கமே போகவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு மின்விசிறிக்கு நேரே ஒரு மணி நேரம்.

நன்றாகப் பசிக்கிறது. முகத்தில் மினுமினுப்பு. மூன்றாம் மாடிக்காரி, "என்ன டீச்சர், பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க, என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்கிறாள். வேண்டாதபோது மட்டும் வந்து நிற்கிறது ஆரோக்கியம்.

மார்ச் 23, ஞாயிறு

டீக்கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். எதிர் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சரி, எழுதியே விடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள்: அவர் வராதது வலிக்கிறது. வாய்-சினின் அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் யாருக்காகவும் இப்படிக் காது கொடுத்துக் கூரையைக் கேட்டதில்லை. இருமல் நின்றால், போய்விட்டாரோ என்று பயம். இருமினால், நான்தான் காரணமோ என்று பயம்.

மார்ச் 24, திங்கள்

போனேன். இன்று காலை பத்து மணிக்கு. கதவைத் திறந்தார், மெலிந்திருந்தார்.

"சட்டி வேணும்" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினேன். பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணுமில்ல டீச்சர்."

"இருக்கு."

"எங்க இருக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தால் எனக்கு வாய் நிற்காது. "தூக்கம் வரல! ஞாயித்துக்கிழமை டீ இறங்கல! அந்தக் கழுதை என்னைக் கேக்காம குடுத்திட்டா, நான் குடுக்கச் சொல்லல, சொல்லவே மாட்டேன். உங்களுக்கு நோயைக் குடுக்கணும்னு நான் நினைப்பேனா?"

அவர் இருமி முடிக்கும்வரை இருவரும் நின்றோம்.

"நோயைப் பத்தி யார் கவலைப்பட்டா" என்றார். "சட்டி உங்ககிட்ட இருந்தா, எடுக்கற சாக்குல ஒரு நாள் வரலாம்னு இருந்தேன். திரும்பி வந்ததும், வர வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன்."

கேட்காமலே உள்ளே போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மணிக்கட்டைக் காட்டச் சொல்லி மூன்று விரலை வைத்தார். நாடி பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏழு நிமிடம். அப்புறம் காட்டு இலந்தை விதை நிறுத்துப் பொட்டலம் கட்டினார். "தூக்கத்துக்கு. மூணு கிண்ணம், ஒரு கிண்ணம்." சட்டியை எடுத்துக் கொடுத்தார். வயிறு வெளுத்துப் பரிதாபமாக இருந்தது.

"பக்கத்துலயே நிக்கணும்" என்றார். "நான் வேணா வந்து நிக்கவா?"

மார்ச் 25, செவ்வாய்

நன்றாகத் தூங்கினேன். விதையைக் கொதிக்க வைக்கவே இல்லை. பேசிக்கொண்டிருந்ததில் மறந்துபோயிற்று.

நவம்பர் 23, ஞாயிறு

வடக்குக் காற்று இறங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் இருமல். டீக்கடைக்குப் போகவில்லை.

வாய்-சின் வந்திருக்கிறாள். அடுப்பில் சட்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொடவே இல்ல. இப்போ இது யாரோடதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அதுவரை இருவருக்குமே அந்தக் கேள்வி தோன்றவில்லை.

மூன்று கிண்ணத்தை ஒரு கிண்ணமாக வற்றவைத்து இரண்டு கோப்பையில் பாதிப் பாதியாக ஊற்றினேன். மகா கசப்பு. அவர் இரண்டு விரலால் மேஜையைத் தட்டினார்.